உதட்டில் கொப்புளம் இருக்கும்போது பச்சைக் குழந்தையைக் கொஞ்சலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டப்புறத்தில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வரும் தாய்மார் பலர் இப்போது ஒரு புதுப் பயத்தையும் கூடவே கொண்டு வருகிறார்கள். யாரோ கொடுத்த முத்தத்தால் பிறந்து சில நாட்களேயான குழந்தை இறந்துபோனது என்று கைபேசியில் காணொளிகள் சுற்றுகின்றன. அதைப் பார்த்துவிட்டு ஒரு தாய் லயக்காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) கதவைச் சாத்திக்கொள்கிறாள். இன்னொருத்தி தன் பிள்ளையைத் தானே தொடத் தயங்குகிறாள். மறுபக்கம் அப்பாயி, "ஆறு பிள்ளைய வளத்தேன், கொஞ்சி கொஞ்சித்தானே வளத்தேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல" என்று முகம் வாடி இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவே நின்று பேச வேண்டியிருப்பதால், இலங்கை மலையகத்தில் தாய்சேய் நலப் பணியில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம். கடிதம் நீளமாக இருக்கும். விபரம் தெரியாமல் பயப்படுவதும் விபரம் தெரியாமல் அலட்சியமாக இருப்பதும் சேர்ந்தே நடக்கும் விஷயம் என்பதால் சுருக்கிச் சொல்ல முடியவில்லை.

முதலில் கொப்புளத்தைப் பற்றி. உதட்டு ஓரத்தில் கூட்டமாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்து, உடைந்து, பொருக்குத் தட்டி ஆறுமே, அதை நம் ஊரில் சூட்டுக் கொப்புளம் என்பார்கள், காய்ச்சல் கொப்புளம் என்பார்கள். உடம்பில் சூடு ஏறியதால் வந்தது என்று இளநீர் குடிப்பார்கள், சந்தனம் பூசுவார்கள். சூடு அதைக் கிளப்பிவிடலாம், ஆனால் உண்டாக்குவது சூடு அல்ல. அது ஹேர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். அதன் முதலாம் வகை உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடி பேரின் உடம்பில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதாவது மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள், எச்சில் வழியாகத்தான் வந்திருக்கும். ஆகவே இதில் வெட்கப்படவோ ஒருவரை விரல் நீட்டவோ எதுவும் இல்லை.

ஒரு முறை உடம்புக்குள் போன வைரஸ் வெளியே போவதில்லை. முகத்து நரம்பின் அடியில் தூங்கிக் கிடக்கும். காய்ச்சல், தூக்கமின்மை, மாதவிடாய், மனக்கவலை, கடும் வெயில், உதட்டை வெடிக்க வைக்கும் குளிர்காற்று ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் விழித்துக்கொண்டு மறுபடி உதட்டுக்கு வரும். மலைநாட்டில் குளிர் என்று நினைத்துக்கொண்டு வெயிலை மறந்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர் பத்து வீதத்துக்குக் குறையாமல் கூடுகிறது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுப்பவரின் உதடு எவ்வளவு வெயில் தின்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தூக்கமில்லாத தாய்க்கும், தாய்க்குத் துணையாக இரவெல்லாம் விழித்திருக்கும் பாட்டிக்கும் சரியாக அந்த வாரங்களில் கொப்புளம் வருவது தற்செயல் அல்ல.

நாட்கணக்கு முக்கியம். முதல் நாள் உதட்டில் குறுகுறுப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போல ஒரு உணர்வு. கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் அப்போதே தொற்றும். அடுத்த நாள் கொப்புளம். கொப்புளம் எழும்பி உடையும் அந்த ஓரிரு நாளில்தான் வைரஸ் மிக அதிகமாக வெளிவருகிறது. பிறகு ஈரமான புண், பிறகு மஞ்சள் பொருக்கு. பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் காய்ந்த புதுத் தோல் தெரிய 7 முதல் 10 நாள், சிலருக்கு 14 நாள் ஆகும். அதுவரை, அதாவது குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து பொருக்கு முழுவதும் உதிரும்வரை, எந்தக் கைக்குழந்தைக்கும் எந்த இடத்திலும் முத்தம் கூடாது. நெற்றியிலும் கூடாது, பாதத்திலும் கூடாது. பச்சைக் குழந்தையின் தோலில் நம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், தன் நகமே பட்டிருக்கும்.

பற்பசை பூசுவதும் மஞ்சள் அப்புவதும் கொப்புளத்தை மறைக்குமே ஒழிய தொற்றை நிறுத்தாது. ஊசியால் குத்தி உடைத்தால் நீரோடு வைரஸ் விரலுக்கு வரும். பாமசியில் வாங்கும் எசைக்ளோவிர் களிம்பு தொடக்கத்திலேயே பூசினால் ஒரு நாள் முன்னதாக ஆறலாம், அவ்வளவுதான். களிம்பு பூசிவிட்டேன், இனிக் கொஞ்சலாம் என்பது தவறு.

பெரியவர்களுக்கு ஒரு வாரத் தொல்லையாக வந்துபோகும் இது குழந்தைக்கு ஏன் ஆபத்தாகிறது? பிறந்து முதல் நான்கு வாரங்களில் குழந்தையின் நோய் எதிர்ப்பு, வைரஸை ஓரிடத்தில் பிடித்துக் கட்டிவைக்கும் பலத்தை இன்னும் பெறவில்லை. உதட்டிலோ கண்ணிலோ நுழைந்தது தோலோடு நிற்காமல் மூளைக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய்விடலாம். உடம்பு முழுக்கப் பரவிய நிலையில், மருந்து இல்லாத காலத்தில் பத்துக் குழந்தைகளில் எட்டுக்கு மேல் இறந்தன. மருந்து வந்த பிறகும் அந்த நிலைக்குப் போன பத்தில் மூன்று வரை இழக்கப்படுகின்றன. மூளையைத் தொட்டுவிட்டால் பிழைத்த பிள்ளைக்கும் வலிப்பும் வளர்ச்சிக் குறைவும் தங்கிவிடலாம். இதுதான் பயத்தின் நியாயமான பகுதி.

நியாயத்தின் மற்றப் பகுதியையும் சொல்ல வேண்டும். இது அரிது. உலகளவில் ஒரு இலட்சம் பிறப்புக்குப் பத்து என்பது மதிப்பீடு. அந்தப் பத்திலும் மிகப் பெரும்பாலானவை பிரசவ நேரத்தில் தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வருபவை. பிறந்தபின் யாரோ ஒருவரின் எச்சிலால், விரலால் வருவது பத்தில் ஒன்று அளவுதான். ஆனால் வீட்டார் கையில் முழுக்க முழுக்க இருப்பது அந்த ஒரு பங்குதான், அதனால்தான் அதைப் பற்றி எழுதுகிறோம்.

அப்பாயி சொன்னதிலும் ஒரு உண்மை உண்டு. தாய்க்கு இந்த வைரஸ் பல வருடத்துக்கு முன்பே வந்திருந்தால், அதற்கெதிரான எதிர்ப்புப் பொருள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. அது முழுக் கவசம் அல்ல, ஆனால் நல்ல துணை. அந்த ஆறு பிள்ளைகளும் பெரும்பாலும் அந்தத் துணையோடு பிறந்தவர்கள். துணையில்லாமல் பிறப்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, இந்தத் தொற்று ஒருபோதும் வராத தாயின் பிள்ளை, அல்லது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் முதல்தடவையாக வந்த தாயின் பிள்ளை. இன்னொன்று, மாதம் முடியாமல் பிறந்த பிள்ளை. எதிர்ப்புப் பொருள் கைமாறும் வாரங்கள் அதற்குக் கிடைக்கவில்லை. தோட்டப்புறத்தில் எடை குறைந்த பிள்ளைகள் மற்ற இடங்களைவிட அதிகம், அவர்களில் மாதம் முடியாமல் பிறந்தவர்களும் உண்டு என்பதால் இங்கே இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. எந்தத் தாய் எந்த வகை என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஒழுங்கு.

முத்தம் என்றால் உதடு மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் கொஞ்சலில் விரலுக்குத்தான் வேலை அதிகம். கன்னத்தைக் கிள்ளி அந்த விரலைத் தன் உதட்டில் வைத்து "உம்மா" என்று முத்தமிடுவோம். ஒரு தடவை என்றால் பிள்ளையின் கன்னம் நம் உதட்டுக்கு வந்தது, சரி. ஆனால் யாரும் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. இரண்டாவது தடவை அதே விரல் எச்சிலோடு கன்னத்துக்குத் திரும்பிப் போகிறது. கண்ணுக்கு இட்ட மை கலைந்தால் சேலை நுனியை நாக்கில் தொட்டுத் துடைக்கிறோம், அது நேராகக் கண்ணோரத்துக்குப் போகும் எச்சில். கண்ணில் பட்டால் கருவிழியிலேயே புண் வரலாம். சூப்பி கீழே விழுந்தால் தன் வாயில் சப்பிச் சுத்தம் செய்து பிள்ளை வாயில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது என்று வீட்டிலேயே நல்ல குணமுள்ளவர் ஒருவர் சீனித் தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறார். விரல் விஷயம் ஒருபுறம் இருக்க, ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பக்டீரியா பிள்ளையின் தசைகளையே தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர நாக்கில் வைக்க வேறு எதுவும் தேவையில்லை.

விரலைப் பற்றி இன்னொன்று. கொழுந்தெடுக்கும் விரலைக் கிட்டப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெருவிரலும் சுட்டுவிரலும் கறுத்து, கறை ஏறிய கோடுகளில் வெடிப்பு விட்டிருக்கும். உதட்டுப் புண்ணைத் தொட்ட கையில் அப்படி ஒரு வெடிப்பு இருந்தால் அதன் வழியாக வைரஸ் உள்ளே போய் நகத்தோரம் நீர்க்கொப்புளமாக எழும்பும். நகச்சுற்று என்று நினைத்து எலுமிச்சம்பழத்துக்குள் விரலை விட்டுக்கொண்டு இருப்பார்கள், அதே விரல் பிள்ளையின் வாயில் ஈறு தடவும். விரலில் வலியோடு நீர்க்கொப்புளம் இருந்தால் பிள்ளையைத் தூக்கும் வேலையை அது ஆறும்வரை வேறொருவர் செய்யட்டும். வெற்றிலை போடும் பெரியவர்களுக்குச் சுண்ணாம்பு தொட்ட விரல் வாய்க்கும் வெளிக்குமாகப் போய்வந்துகொண்டே இருக்கும். வெற்றிலைச் சிவப்பில் உதட்டோரப் புண்ணும் எளிதில் தெரியாது. பிள்ளையைத் தூக்குமுன் வாய் கொப்பளித்து, உதட்டைத் துடைத்து, கை கழுவச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல.

கை கழுவுதல் என்றால் பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) கையை நனைத்து உதறுவது அல்ல. சவர்க்காரம் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரலின் அடி, நகநுனி என்று 20 விநாடி தேய்க்க வேண்டும். இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்பால் ஆன உறை ஒன்று உண்டு, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். வெந்நீர் தேவையில்லை, மலைக்குளிர்த் தண்ணீரே போதும், தேய்ப்பதுதான் விஷயம். பீலி தூரமாக இருக்கும் லயத்தில் ஐந்து லீற்றர் கேன் ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு, துளையில் ஒரு குச்சியைச் செருகி, இஸ்தோப்புத் தூணில் இடுப்பு உயரத்தில் கட்டிவைக்கலாம். குச்சியை இழுத்தால் தண்ணீர் வரும். சவர்க்காரக் கட்டியைத் துளையிட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால் ஊறிக் கரையாது. பிள்ளையைப் பார்க்க வருகிறவர் வாசலிலேயே கழுவிக்கொண்டு உள்ளே வருவார், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

தாய்க்கே கொப்புளம் வந்துவிட்டால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பயந்துபோய்த் தாய்ப்பாலை நிறுத்தி மாப்பால் வாங்குகிறார்கள். நிறுத்தக் கூடாது. பால் வழியாக இது வராது. தாய் முகக்கவசம் போட வேண்டும். அது காற்றுக்காக மட்டும் அல்ல, தன் கை தன்னையறியாமல் உதட்டுக்குப் போவதைத் தடுக்கவும்தான். ஒவ்வொரு தடவையும் பிள்ளையைத் தொடுமுன் கை கழுவ வேண்டும். பொருக்கு உதிரும்வரை முத்தம் இல்லை. தாயின் துவாயைப் பிள்ளைக்குப் போட வேண்டாம். துணியைச் சவர்க்காரம் போட்டு அலசினாலே போதும். எடை குறைந்த பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாகத் தோல் படவைத்து அணைத்து வைத்திருக்கச் சொல்லியிருந்தால் அதையும் தொடர வேண்டும், முலையிலோ நெஞ்சிலோ கொப்புளம் இல்லாதவரை. முலையில் கொப்புளம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்காமல், பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, மற்றப் பக்கம் கொடுக்கலாம். அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸியிடமோ வைத்தியரிடமோ காட்ட வேண்டும்.

கொப்புளம் எதுவும் இல்லாத நாட்களிலும் சிலரது எச்சிலில் சிறிதளவு வைரஸ் வந்துபோகும். அதனால் எங்கள் நிலைப்பாடு இது. தாயும் தகப்பனும், உதடு சுகமாக இருந்தால், உச்சியில் கொஞ்சலாம். மற்ற எல்லோரும் முதல் இரண்டு மாதம் முத்தம் இல்லாமலே கொஞ்சட்டும். வாயிலும் கையிலும் யாரும் எப்போதும் வேண்டாம், பிள்ளையின் கை அடுத்த நொடி அதன் வாய்க்குள் இருக்கும். பாதம் நல்ல இடம்தான், அதுவும் ஐந்தாறு மாதத்தில் பிள்ளை தன் கால்விரலைப் பிடித்துச் சப்பத் தொடங்கும்வரை.

கரப்பான் உள்ள பிள்ளைக்கு இரண்டு மாதக் கணக்கு இல்லை. வெடித்து நீர் கசியும் தோலில் இந்த வைரஸ் பட்டால் காட்டுத்தீ போலப் பரவும். எத்தனை வயதானாலும், கரப்பான் திடீரென்று சின்னச் சின்னக் குழிப்புண்ணாக மாறி, வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியசாலை.

இவ்வளவும் அரிய நோயைப் பற்றி. மலையகத்துக் குழந்தைகளை நாள்தோறும் வைத்தியசாலைக்கு அனுப்புவது அதுவல்ல, சாதாரணத் தடிமன்தான். பெரியவருக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாக வந்துபோகும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் மெல்லிய மூச்சுக்குழாயை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடும். அது முத்தத்தால் மட்டும் அல்ல, தும்மலால், மூக்கைத் துடைத்த கையால் வருகிறது. மேசை, கதவுத் தாழ்ப்பாள் போன்ற கடினமான பொருட்களில் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். பாடசாலை போகும் அண்ணன், அக்காதான் பெரும்பாலும் கொண்டுவருவார்கள். பிள்ளையைக் கொஞ்ச ஓடிவரும் அவர்களை விரட்ட வேண்டாம். சீருடை மாற்றி, கை கழுவி, மூக்கு ஒழுகவில்லை என்றால் உச்சியைத் தடவட்டும். ஒழுகினால் காலைத் தொட்டு விளையாடட்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் "நோயாளி தனி அறையில் இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பதில் பயனில்லை. செய்யக்கூடியது வேறு. தடிமன் உள்ளவர் பிள்ளையின் தலைப்பக்கம் கால் வைத்து எதிர்த்திசையில் படுக்கட்டும், முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு ஆள் நீளமாவது கிடைக்கும். குளிர் என்று ஜன்னலைச் சீலையால் அடைக்காமல், பகலில் பிள்ளையை நன்றாகச் சுற்றிவைத்துக்கொண்டு திறந்துவிடுங்கள். விறகு அடுப்பு எரியும்போது பிள்ளை அந்தப் புகையில் இருக்கக் கூடாது. ஏற்கனவே வீங்கிய மூச்சுக்குழாய்க்குப் புகை இன்னொரு அடி. பீடி, சிகரெட் புகைத்த சட்டையோடு பிள்ளையைத் தோளில் போடுவதும் அப்படித்தான்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது தவறாகும், பச்சைக் குழந்தை இயல்பாகவே சற்று நிறுத்தி நிறுத்தி மூச்சு விடும். இரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 60 அல்லது மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல் என்றால் அது வேக மூச்சு. மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே குழிந்தால், உதடு நீலம் பாய்ந்தால், முனகினால், எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம், புறப்படுங்கள். மிகச் சின்னப் பிள்ளைக்குச் சளி, இருமல் எதுவுமில்லாமல் இயல்பான அந்தச் சிறு நிறுத்தம் போல இல்லாமல், மூச்சு நீண்டு நின்றுபோவதும் உண்டு, அப்போதும் உடனே புறப்படுங்கள்.

காய்ச்சலுக்கு ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி வையுங்கள். கமக்கட்டில், தோல் படும்படி, சத்தம் வரும்வரை வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை அல்லது மேல் என்றால் பகலோ இரவோ வைத்தியசாலை. மூன்று கம்பளி சுற்றியிருந்தால் ஒன்றைக் கழற்றிக் கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம், ஆனால் பிள்ளை சோர்ந்திருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். மலைநாட்டில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 35.5க்குக் கீழே இறங்கி, சூடாக்கியும் ஏறாமல் இருந்தால் அதுவும் தொற்றின் அறிகுறிதான். "குளிருக்குக் கை கால் சில்லென்று இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வயதில் பெனடோல் கொடுத்து இரவைக் கடத்துவது மிக ஆபத்தானது. காய்ச்சல் இறங்கும், நோய் இறங்காது, வைத்தியருக்கு அடையாளம் மறைந்துபோகும்.

ஹேர்பீஸ் தொற்று பெரும்பாலும் பிறந்து ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் தலைகாட்டும், ஆறு வாரம்வரை போகலாம். சிவந்த தோலில் குவியலாக நீர்க்கொப்புளம், கண் சிவந்து நீர் வடிதல் என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சிக்கல் என்னவென்றால் கொப்புளமே வராத குழந்தைகளும் உண்டு. வழக்கமாக இழுத்துக் குடிக்கும் பிள்ளை முலையில் வாய் வைத்ததும் தூங்கிப்போகும். இரண்டு நேரப் பாலைத் தவறவிடும். எழுப்பினாலும் எழாது, அல்லது நிறுத்தாமல் கீச்சுக் குரலில் அழும். ஒரு கை மட்டும் தாளம் போடுவது போலத் துடிக்கும், பிடித்தாலும் நிற்காது. வாய் சப்புக்கொட்டும். உடம்பின் மஞ்சள் நிறம் கூடும். "கண்ணு பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றிப் போடும் கட்டம் பெரும்பாலும் இதுதான். சுற்றிப் போடுகிறவர் போடட்டும், அதே நேரம் ஒருவர் 1990க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தச் சந்தியில் நின்று வழிகாட்டுவீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். லயம்வரை வண்டி ஏற முடியாவிட்டால் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிரதான வீதிக்கு இறங்கிவிடுங்கள், வழியில் குளிர்ந்துபோகாது.

எங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் பிள்ளையைப் பார்க்கும் முதல் வைத்தியரிடம், "வீட்டில் இன்னாருக்கு இன்ன திகதியில் உதட்டில் கொப்புளம் இருந்தது, அவர் பிள்ளையைத் தூக்கினார்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பக்டீரியாவுக்கான மருந்துதான் முதலில் ஏறும், அது சரியான நடைமுறைதான். ஆனால் அந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. இதற்கான எசைக்ளோவிர் நரம்பு வழியாக 8 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, தோலோடு நின்றிருந்தால் 14 நாள், மூளைக்கோ உள்ளுறுப்புக்கோ போயிருந்தால் 21 நாள் ஏற்றப்பட வேண்டும். பரிசோதனை முடிவு வருமுன்பே சந்தேகத்தின் பேரில் தொடங்குவார்கள், அந்தச் சந்தேகத்தை வைத்தியருக்குக் கொடுப்பது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரி. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். எத்தனை நாள் மருந்து என்பதை அதுதான் தீர்மானிக்கும். பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு மாற்றினால் மூன்று வாரம் தங்கும் ஏற்பாட்டோடு போங்கள். பிள்ளை தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாள் கையெழுத்து வைத்துவிட்டுக் கூட்டிவருவது பாதி எரிந்த தீயை விட்டு வருவது.

இந்த வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், இதே வைரஸ் முதல்தடவை வந்தால் காய்ச்சலோடு ஈறு வீங்கி, வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் ஒழுகும். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை, ஆனால் குடிக்க மறுப்பதால் உடம்பில் நீர் வற்றும். ஆறிய பால், இளநீர், பக்கெட்டில் சொன்ன அளவில் கலக்கிய ஜீவனி (உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள்.

வயிற்றில் பிள்ளை இருக்கும் தாய்க்கும் ஒரு சொல். மூத்த பிள்ளை மூன்று வயதுக்குட்பட்டதாக இருந்தால் அது மிச்சம் வைத்த சோற்றைத் தின்பது, அதன் கரண்டியைப் பாவிப்பது, உதட்டில் முத்தமிடுவது வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இருக்கும் சி.எம்.வி. என்ற வைரஸ் கருவிலிருக்கும் பிள்ளையின் செவிப்புலனைப் பாதிக்கலாம். மூத்ததை அணைத்துக்கொள்ளுங்கள், உச்சியில் கொஞ்சுங்கள், துணி மாற்றியபின் கை கழுவுங்கள், போதும்.

தேவையில்லாத பயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், அவை குடும்பங்களைப் பிரிக்கின்றன. எச்.ஐ.வி. கொஞ்சுவதால், தூக்குவதால், ஒரே பாயில் படுப்பதால் வராது. ஹெபடைட்டிஸ் பி உள்ள சித்தி பிள்ளையை அணைப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கான தடுப்பு, இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் கிளினிக்கில் போடும் ஊசியிலேயே இருக்கிறது. டெங்கு நுளம்பால் வருவது, முத்தத்தால் அல்ல. அம்மை போட்டவர் மட்டும், கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு ஆகும்வரை, பச்சைக் குழந்தை இருக்கும் காம்பராவுக்குள்ளேயே வரக்கூடாது. பிரசவத்துக்கு முந்திய ஐந்து நாளுக்குள்ளோ பிந்திய இரண்டு நாளுக்குள்ளோ தாய்க்கே அம்மை கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும், பிள்ளைக்குத் தனி மருந்து தேவைப்படும்.

பெரியவர்களிடம் இதை யார் சொல்வது என்பதுதான் வீடுகளில் உண்மையான சிக்கல். மருமகள் சொன்னால் "என்னைத் தீண்டத்தகாதவள் ஆக்கிட்டா" என்று ஆகிவிடுகிறது. மகன் சொல்ல வேண்டும். "அம்மா, ஒதடு ஆறட்டும், பத்து நாளு பொறு, அப்புறம் ஒன் மடியிலதான் கெடக்கப் போவுது" என்று அவன் சொன்னால் கேட்பார்கள். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் கையில் ஒரு வேலையும் கொடுங்கள். பிள்ளையின் துணி அலசுவது, மூத்ததைப் பார்ப்பது, தாய்க்குப் பத்தியச் சமையல் எல்லாம் கொப்புளத்தோடும் செய்யலாம். தீட்டுக் கழியும்வரை வெளியார் வந்து தூக்காத பழைய வழக்கம் இந்த விஷயத்தில் பிள்ளைக்கு நல்ல காவலாகவே இருந்தது, ஆபத்தான முதல் மாதத்தை ஏறக்குறைய அது மூடிவிடுகிறது. முப்பதாம் நாள் பெயர் வைக்கும்போது பத்து வீட்டார் கைமாறிக் கைமாறிக் கொஞ்சுவதை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். பிள்ளை தாய் மடியிலேயே இருக்கட்டும், வந்தவர் கன்னத்தோரம் கைவைத்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழிக்கட்டும். உச்சி முகர்வது என்று நம் மொழியில் ஒரு அழகான பழக்கம் இருக்கிறது, அதில் எச்சில் இல்லை. தாலாட்டிலும் இல்லை. நன்றாகப் பாடும் அப்பாயிக்கு உதட்டுக் கொப்புளம் ஒரு தடையே அல்ல, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து முகக்கவசத்தோடு பாடினாலும் பிள்ளை அந்தக் குரலுக்குத் தூங்கும்.

கடைசியாகத் தோட்ட நிர்வாகங்களுக்கும், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவங்களை மேற்பார்வை செய்வோருக்கும். மகப்பேற்று விடுமுறை 12 வாரம். அது முடிந்து தாய் மலைக்குப் போகும்போது பிள்ளைக்கு மூன்று மாதம்கூட நிறைந்திருக்காது. அந்தப் பிள்ளை மடுவத்தில் ஓராள் கையில் பல பிள்ளைகளோடு இருக்கும். மடுவத்துக்குள்ளேயே, தொட்டில் இருக்கும் அறையிலிருந்து நாலு எட்டுத் தூரத்தில், ஒரு குழாயும் தீராத சவர்க்காரமும் வேண்டும். வெளியே பீலி இருப்பது போதாது, அழும் பிள்ளையை விட்டுவிட்டு யாரும் வெளியே ஓட மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய தனிக் கோப்பை, தனிக் கரண்டி, தனித் துவாய் வேண்டும். காலையில் பிள்ளையை வாங்கும்போது மூக்கு, வாய், கை, கால் பார்த்து, கைகால் வாய்க் கொப்புளமோ காய்ச்சலோ இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையின் தாய்க்கு அன்றைய பெயர், அதாவது அன்றைய நாள் சம்பளம், விழாமல் போகக் கூடாது. மடுவத்தில் பிள்ளை பார்ப்பவருக்கு உதட்டிலோ விரலிலோ கொப்புளம் வந்தால் பொருக்கு உதிரும்வரை ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேறொருவரிடம் கொடுத்து, அவருக்குச் சமையலோ பெரிய பிள்ளைகளின் பொறுப்போ தர வேண்டும், அந்தப் பத்து நாளுக்கும் முழுச் சம்பளத்தோடு. சம்பளம் வெட்டப்படும் என்றால் கொப்புளத்தின் மேல் வெற்றிலைச் சாயம்தான் பூசப்படும்.

இங்ஙனம்,
தோட்டப்புறத் தாய்சேய் நலப் பணியாளர்கள் சிலர்,
ஹட்டன்.